ஊருக்கு இன்னொரு பஸ் கேக்கறோம் சரி, அது எந்த பஸ்? காந்திபுரம் நேர் பஸ், பிரிவு ஷட்டில், மினி பஸ், மெமு ரயில் – ஒரு கணக்கு

கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல பாதி ஊருக்கு பேருக்கு பின்னாடி "பிரிவு"ன்னு ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அது வெளங்கறதுக்கே சித்த நேரம் ஆகும். பஸ்ல ஏறி ஊர் பேரை சொல்லி டிக்கெட் கேட்டா "ஊருக்குள்ளார போகாதுங்க, பிரிவுல எறங்கிக்கோங்க"ம்பாங்க, சரி பிரிவுன்னா ஊர் ஆரம்பம்னு நெனச்சு எறங்கி பாத்தா ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், அப்பறம் உள்ள வளைஞ்சு போற ஒரு தார் ரோடு, அவ்வளவுதான், ஊரு எங்கயோ இருக்கும். எங்கூரும் அப்படித்தான். மேட்டுப்பாளையம் ரோட்டுல பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு பிரிவு, அங்கிருந்து உள்ள 5 கிலோமீட்டர், பிரிவுல இருந்து கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டு இருக்கற காந்திபுரம் 19 கிலோமீட்டர். ஆக மொத்தம் 24.

இந்த 24-ல 19-க்கு எந்த பிரச்சனையும் இல்லீங்க. மெயின் ரோட்டுல நின்னா பத்து நிமிசத்துக்கு ஒன்னு ஏதாவது வந்துரும், டவுன் பஸ்ஸோ ரூட் பஸ்ஸோ பிரைவேட்டோ. மனுசனை கொல்றது அந்த 5 கிலோமீட்டர்தான். ஒரு நாள் ஷிப்ட் முடியறதுக்கு லேட்டாயி, பிரிவுல எறங்கறப்ப மணி 9.40, ஊருக்கு போற கடைசி பஸ் போயிருச்சு. ஊட்டுக்கு போன் பண்ணலாம்னா சார்ஜ் இல்ல. நடந்தேன். ரெண்டு பக்கமும் கருவேப்பிலை காடு, நடுவுல தெருவிளக்கு இல்லாத ஒரு கிலோமீட்டர், அந்த எடத்துல ரோட்டுக்கு குறுக்க கண்ணாடி விரியன் ஒன்னு சாவகாசமா படுத்திருக்கு, அது நகர்ற வரைக்கும் நானும் செல்போன் லைட் கூட இல்லாம அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன், அது சத்தம் குடுத்ததால தப்பிச்சேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த கணக்கு போடற வேலை.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, வர்ற சனவரி 26 கிராம சபைல பஸ்ஸுக்கு தீர்மானம் போடறாங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்த தீர்மானம் ஒரே வாசகம்தான், "எங்கள் ஊருக்கு கூடுதல் பேருந்து இயக்க வேண்டும்". கூடுதல்னா எங்கிருந்து எங்க, எத்தன மணிக்கு, ஒன்னும் இருக்காது. பெருசுக எல்லாருக்கும் மனசுல இருக்கறது காந்திபுரத்துக்கு நேரா இன்னொரு பஸ். நான் நாலஞ்சு வழிய பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன், பாத்ததுல அந்த நேர் பஸ் ஆசை தப்புன்னு படுது. ஏன்னு சொல்றேன், நீங்களும் ரோசனை பண்ணி பாருங்க, உங்கூருக்கும் இதே கதையாத்தான் இருக்கும்.

முதல்ல நேர் பஸ்ஸையே எடுத்துக்கலாம். இப்ப எங்கூருக்கு ஒரு பஸ் இருக்கு, அது ஒரு நாளைக்கு அஞ்சு டிரிப் அடிக்குது. ஏன் அஞ்சுன்னு கேட்டா காரணம் சுலபம். ஊர்ல இருந்து காந்திபுரம் ஒன்னேகால் மணி நேரம், அங்க கால் மணி நேரம் நின்னு, திரும்ப ஒன்னேகால், இங்க கால். போக வர மூணு மணி நேரம் காலி. வெடியால அஞ்சரைல இருந்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் 16 மணி நேரம், மூணால வகுத்தா அஞ்சு தேறும், மிச்சம் ஒரு மணி நேரம் டிரைவர் கண்டக்டர் மாறறதுக்கும் சாப்பாட்டுக்கும். ஆக ஒரு பஸ்ஸு ஒரு நாளைக்கு ஓடறது 48 பெருக்கல் 5, 240 கிலோமீட்டர்.

இப்ப இன்னொரு நேர் பஸ் குடுத்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம். பத்து டிரிப் ஆகும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பஸ். கேக்கறதுக்கு டபுள் மாதிரி இருக்கும், ஆனா ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா வர்ற பஸ்ஸை நம்பி எவனும் வண்டி சாவியை கீழ வெக்க மாட்டான். டைம் பாத்து கெளம்பணும், விட்டா போச்சு. அதுவும் மேட்டுப்பாளையம் ரோட்டுல துடியலூர், கவுண்டம்பாளையம், சாயிபாபா காலனின்னு தாண்டி தாண்டி வர்ற பஸ்ஸு சொன்ன டைமுக்கு எப்படி வரும்? 2022-ல கவுண்டம்பாளையம் பாலம் தெறந்தாங்க, அங்க நெரிசல் கொறஞ்சுது, ஆனா நெரிசல் எங்கயும் போகலீங்க, அடுத்த சிக்னல்ல போயி உக்காந்துக்கிச்சு. காந்திபுரத்துல ஒரு எடத்துல இருபது நிமிசம் மாட்டுனா அந்த இருபது நிமிசம் எங்கூர் புளியமரத்தடில நிக்கற பாட்டி தலைல வந்து விழும். தடம் நீளமா இருக்க இருக்க லேட்டும் நீளம், இது பஸ் ஓட்டறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

ரெண்டாவது வழி, நான் சொல்ற வழி. அந்த ரெண்டாவது பஸ்ஸை காந்திபுரத்துக்கே விடாதீங்க. பிரிவுக்கும் ஊருக்கும் நடுவுலயே போயி போயி வர்ற ஷட்டிலா ஓட்டுங்க. 5 கிலோமீட்டர் 15 நிமிசம், அஞ்சு நிமிசம் நிக்கட்டும், திரும்ப 15, அஞ்சு. 40 நிமிசத்துக்கு ஒரு சுத்து. அதே 16 மணி நேரத்துல 24 சுத்து. கிலோமீட்டர் எவ்வளவு ஆச்சு? 10 பெருக்கல் 24, அதே 240. டீசல் அதேதான், பஸ் அதேதான், டிரைவர் அதேதான், அங்க அஞ்சு டிரிப் இங்க இருபத்தி நாலு. சாப்பாட்டு நேரம், ஷிப்ட் மாறற நேரம்னு ரெண்டு சுத்து கழிச்சாலும் இருபத்தி ரெண்டு. இந்த கணக்கை நான் டீக்கடைல பேப்பர் தட்டுல எழுதி காட்டினப்ப ஒரு அண்ணன் "இதென்றா மாப்ள, ஏமாத்தற கணக்கு மாதிரி இருக்குது"ன்னாரு. அவரே ரெண்டு தடவை கூட்டி பாத்துட்டு பஜ்ஜியை அந்த பேப்பர் மேலயே வெச்சு தின்னுட்டாரு.

நேரம் எவ்வளவு கூடும்னு பாத்தா, நேர் பஸ்ல ஒன்னேகால் மணி நேரம். மாறி போனா ஊர்ல இருந்து பிரிவுக்கு 15, பிரிவுல ஒரு பத்து நிமிசம் நிக்கணும், அங்கிருந்து ஒரு மணி நேரம், மொத்தம் 85 நிமிசம். பத்து நிமிசம் ஜாஸ்தி. இந்த பத்து நிமிசத்தை குடுத்துட்டு, எப்ப வேணாலும் கெளம்பலாங்கற வசதியை வாங்கறோம். அது மட்டுமில்ல, ஊர்ல எல்லாருமே காந்திபுரத்துக்கா போறோம்? பெரியநாயக்கன்பாளையத்துல கம்பெனி வேலைக்கு போறவங்க, வித்யாலயாவுல படிக்கற பசங்க, காரமடை சந்தைக்கு போறவங்க, மேட்டுப்பாளையம் போயி ஊட்டிக்கு மாறறவங்க, துடியலூர் ஆஸ்பத்திரிக்கு போறவங்கன்னு பாதிப்பேரு காந்திபுரமே போகாதவங்க. காரமடை போறவன் காந்திபுரம் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பிரிவுல எறங்கி எதிர்பக்கம் நிக்கறான். அவனுக்கு ஷட்டில்தான் நேர் பஸ்.

ஷட்டில்ல குறையே இல்லையான்னா இருக்கு. சாயங்காலம் திரும்பி வர்றப்பதான் வில்லங்கம். டவுன்ல இருந்து வர்ற பஸ் எப்ப பிரிவுக்கு வரும்னு சொல்ல முடியாது, நீங்க எறங்கறப்ப ஷட்டிலோட பின்பக்கம் மட்டும் தெரியும், அப்பறம் 40 நிமிசம் அந்த டீக்கடை பெஞ்சு. அதனால ராத்திரி 7 மணிக்கு மேல ஷட்டில் டைம் பாத்து ஓடக்கூடாது, ஆள் பாத்து ஓடணும், அதாவது காந்திபுரம் பஸ் ஒன்னு வந்து ஆள் எறங்கினதுக்கு பொறகுதான் கெளம்பணும்னு ஒரு வரி வேணும். அந்த ஒரு வரி இல்லீன்னா ஷட்டில் கேக்கறதே வேஸ்ட்டுங்க. ரெண்டு பஸ்ஸும் ஒன்னுக்கொன்னு பேசிக்கலீன்னா மாறி போற சோலிக்கே யாரும் வர மாட்டாங்க. பிரிவுல நிழற்குடையும் லைட்டும் வேணும், இப்ப அங்க இருக்கறது தகரமும் அதுல ஒரு கட்சி தலைவர் படமும், மழைக்கு நிக்கற அளவுக்கு அந்த படம் கூட பெருசு இல்ல.

அதிகாரிங்க கேக்கப்போற கேள்வி எனக்கு தெரியும், "கலெக்சன் வருமா?" நேர்மையா சொன்னா ஷட்டில்ல தனியா பாத்தா வராது. ஆம்பளைங்க மினிமம் டிக்கெட்டு, பொம்பளைங்க ஃப்ரீ, பள்ளிக்கூட பசங்க பாஸு. ஆனா இந்த ஷட்டில்ல வந்து எறங்கறவங்கதான் மெயின் ரோட்டு பஸ்ல ஏறறாங்க, இல்லீன்னா அவங்க எக்ஸெல் மொபெட்டுல போயிருப்பாங்க. அந்த கலெக்சன் வேற பஸ் கணக்குல ஏறிரும், ஷட்டில் கணக்குல தெரியாது. ஆத்துக்கு வாய்க்கால் தண்ணி குடுக்கற மாதிரி. இதை எடுத்து சொல்ற ஆள் ஒருத்தர் பேச்சுவார்த்தைல இருக்கணும்.

சரி, மினி பஸ். இப்ப இதுதான் ஃபேசன். 1997-ல மினி பஸ் திட்டம் வந்தப்ப எங்க பக்கம் நெம்ப ஓடுச்சு, அப்ப மொத்த தடம் 20 கிலோமீட்டர், அதுல பஸ் போற ரோட்டுல 4 கிலோமீட்டர்தான் ஓட்டலாம்னு கட்டுப்பாடு. டீசல் ஏற ஏற ஓனர்களுக்கு கட்டுப்படி ஆகல, ஒன்னொன்னா நின்னுச்சு. இப்ப புது திட்டம் 2025 சூன்ல ஆரம்பிச்சாங்க, தடம் 25 கிலோமீட்டர் வரைக்கும் போலாம், அதுல 65 சதவீதமாச்சும் பஸ்ஸே இல்லாத தடமா இருக்கணும். இதுல எங்கூருக்கு ஒரு நல்லது இருக்கு. எங்கூரை தாண்டி மலையடிவாரம் பக்கமா மூணு சாளை இருக்கு, தோட்டத்து ஊடுங்களும் சின்ன சின்ன குடியிருப்புமா, அங்க எந்த காலத்துலயும் பஸ் போனதில்ல. பெரிய பஸ் திரும்ப முடியாத இட்டேரி தடம். மினி பஸ் அங்க பூந்து வரும். அந்த ஜனங்களுக்கு வேற வழியே கெடையாது, அதனால மினி பஸ்ஸை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஊருக்கு அதை மட்டும் நம்பி உக்காந்தா என்னாகும்னு பாக்கணும். மொதல் விசயம், மினி பஸ்ஸு தனியாருது. 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் இருக்கு பாருங்க, விடியல் பயணம், அது அரசாங்க சாதாரண கட்டண டவுன் பஸ்ல மட்டும்தான். மினி பஸ்ல ஏறினா காசு. எங்கூர் பொம்பளைங்க இப்ப ஊர்ல இருந்து காந்திபுரம் வரைக்கும் ஒரு பைசா இல்லாம போயிட்டு வர்றாங்க. அந்த 5 கிலோமீட்டருக்கு மட்டும் போக வர தெனமும் காசு குடுக்க சொன்னா, மாசம் 26 நாள் மில்லு வேலைக்கு போற ஒருத்திக்கு அது ஒரு சிலிண்டர்ல பாதி. "அஞ்சு பத்து ரூவாதானே"ன்னு சொல்றது ஆம்பளைங்கதான், கணக்கு எழுதற பொம்பளைங்க யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. எங்க பெரியம்மா ஒருத்தரு, வயசு அறுபத்தி ரெண்டு, விடியல் பயணம் வந்ததுக்கு பொறகுதான் வாரத்துக்கு ஒருக்கா மருதமலை போறாங்க. அதுக்கு முன்னாடி சாமிக்கும் அவங்களுக்கும் நடுவுல டிக்கெட்டு நின்னுக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டாவது விசயம், மத்தியானம். தனியார் ஓனர் ஆள் இருக்கற நேரம்தான் ஓட்டுவாரு, அது அவரோட தப்பில்ல, அவரு கடன் வாங்கி வண்டி வாங்கியிருக்காரு, பகல் பதினொரு மணிக்கு ரெண்டு பாட்டிகளை ஏத்திக்கிட்டு 12 கிலோமீட்டர் ஓட்ட சொன்னா அவரு என்ன பண்ணுவாரு. பர்மிட்டுல டிரிப் எழுதியிருக்கும், பிரிவுல வண்டி நின்னுக்கிட்டு இருக்கும். ஆனா பஸ்ஸை நம்பி வண்டி வாங்காம இருக்கணும்னா பதினொரு மணி டிரிப்புதான் முக்கியம். காலை எட்டு மணிக்கு எப்படியாச்சும் யாராச்சும் கூட்டிக்கிட்டு போயிருவாங்க. பதினொரு மணிக்கு புள்ளைக்கு காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்தா?

அப்ப அரசாங்கமே சின்ன பஸ் ஓட்டக்கூடாதான்னா, ஓட்டியிருக்காங்களே. சென்னைல 2013-ல மாநகர் போக்குவரத்து கழகமே சின்ன பஸ் விட்டுது, எஸ்-னு நம்பர் போட்டு, பெரிய பஸ் போகாத உள்தடத்துல இருந்து மெயின் ரோட்டுக்கும் ஸ்டேசனுக்கும். நாம கேக்கற ஷட்டிலுக்கு அண்ணன் மாதிரி அது. சென்னைக்காரங்க பண்ணா கோயமுத்தூர்க்காரங்க பண்ண முடியாதா? இதை தீர்மானத்துலயே எழுதணும்னு நான் சொல்றேன், "சென்னையில் உள்ளது போல்"னு ஒரு வார்த்தை இருந்தா ஆபீஸ்ல படிக்கறவருக்கு அது ஒரு கைப்பிடி.

ரயிலை பத்தி சொல்லணும். எங்க பக்கத்து ஜனங்க பாதிப்பேரு மறந்தே போயிட்ட ஒரு விசயம் இது. மேட்டுப்பாளையத்துல இருந்து கோயமுத்தூர் ஜங்சனுக்கு மெமுன்னு கரண்டுல ஓடற லோக்கல் ரயில் போகுது, காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கோயமுத்தூர் நார்த்னு நின்னு நின்னு. மேட்டுப்பாளையத்துல இருந்து ஜங்சன் 36 கிலோமீட்டர், முக்கா மணி நேரத்துக்கு சித்த மேல. டிக்கெட் பத்து ரூவா. கொரோனாவுக்கு பொறகு கொஞ்ச நாள் 30 ரூவா வாங்கினாங்க, 2024 பிப்ரவரில மறுக்கா பத்துக்கு கொண்டாந்துட்டாங்க. சிக்னல் இல்ல, பாலம் வேலை இல்ல, குலுக்கல் இல்ல. ஜங்சன்ல எறங்கினா பெரிய ஆஸ்பத்திரி பக்கம், கலெக்டர் ஆபீஸ் பக்கம். ஆஸ்பத்திரிக்கு மாசா மாசம் சுகர் மாத்திரை வாங்க போறவங்களுக்கு இதை விட்டா சொகமான வழி கெடையாது.

அப்ப எல்லாரும் ரயில்ல போயிரலாமேன்னா முடியாது. ஒத்தை லைனு, டிரிப்பை விரல் விட்டு எண்ணிரலாம், ஒன்னை விட்டா அடுத்தது எப்பவோ. காந்திபுரம் போறவனுக்கு நார்த்ல எறங்கி இன்னொரு பஸ். அதை விட பெரிய சங்கடம் ஸ்டேசனுக்கு எப்படி போறதுங்கறது. பிரிவுல எறங்கி மறுபடி ஒரு பஸ் மாறி, அப்பறம் ரோட்டுல இருந்து ஸ்டேசனுக்கு நடந்து, இதுக்குள்ள ரயில் போயிரும். அதனால நான் ரயிலை தனி வழியா வெக்கல, ஷட்டிலோட ஒட்டுப்போட்டு வெக்கறேன். காலைல ஒரு சுத்தும் சாயங்காலம் ஒரு சுத்தும் ஷட்டில் பிரிவுல திரும்பாம மெமு டைமுக்கு ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வரட்டும். ரெண்டு சுத்துக்கு ஆளுக்கு இருபது நிமிசம் ஜாஸ்தி ஆகும், நாளைக்கு ஒரு சுத்து கொறையும். அந்த ஒரு சுத்தை நான் சந்தோசமா குடுப்பேன்.

மெட்ரோன்னு ஒரு பேச்சு வந்தா உடனே கடைல எல்லாரும் நிமிந்து உக்காருவாங்க. கோயமுத்தூர் மெட்ரோ ரிப்போர்ட்டை 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்பிருச்சு, மக்கள்தொகை 20 லட்சம் இல்லைன்னு. அதுக்கு ரெண்டு பக்கமும் நெம்ப பேசினாங்க. நான் சொல்றது ஒன்னே ஒன்னுதான், அந்த ரிப்போர்ட்டுல இருந்த ரெண்டு தடமும் அவிநாசி ரோடும் சத்தி ரோடும். அது நாளைக்கே வந்தாலும் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வராது, எங்கூர் பிரிவுக்கு எங்கிருந்து வரும். அடுத்ததுக்கு போலாம்.

அடுத்தது குறுக்கு தடம். இது எங்கூர் பிரச்சனை மட்டும் கெடையாது, எங்க ஊட்டுக்காரிக்கு சரவணம்பட்டில வேலை, அதனால எனக்கு இது தெனமும் சாப்பாட்டு நேரத்துல வர்ற பிரச்சனை. கோயமுத்தூர் பஸ் எல்லாமே சக்கரத்து ஆரக்கால் மாதிரி, நடுவுல காந்திபுரமும் உக்கடமும். மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கறவன் சத்தி ரோட்டுக்கு போகணும்னா காந்திபுரம் போயி திரும்பி வரணும், துடியலூர்ல இருந்து காந்திபுரம் பத்து கிலோமீட்டர், காந்திபுரத்துல இருந்து சரவணம்பட்டி இன்னொரு பத்து. ஆனா துடியலூர்ல இருந்து வெள்ளக்கிணறு வழியா குறுக்க போனா அதுல பாதி கூட இல்ல. அந்த ரோட்டுல பஸ் இருக்கு, இல்லாம இல்ல, ஆனா அதை நம்பி ஐடி கம்பெனில கார்டு தேய்க்கற டைமுக்கு போக முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு துடியலூர் - சரவணம்பட்டி ரோட்டுல நின்னு பாருங்க, ஸ்கூட்டி ஊர்வலம்தான், ஒவ்வொன்னுலயும் ஒரே ஆளு. இத்தன பேரு குறுக்க போறாங்கங்கறதுக்கு இதை விட என்ன சர்வே வேணும்?

ஆனா இதை எங்க ஒத்தை கிராம சபைல தீர்மானம் போட்டு ஒன்னும் ஆகாது. இது எங்க தடமும் இல்ல. மேட்டுப்பாளையம் ரோட்டு ஊரும் சத்தி ரோட்டு ஊரும் நாலஞ்சு பேரு ஒட்டுக்கா சேந்து திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள்ல கலெக்டர் கிட்ட ஒரே மனுவா குடுத்தாத்தான் எடுபடும். ஊட்டுக்காரி கிட்ட இதை சொன்னேன், "அதுவரைக்கும் நானு?"ன்னா. பதில் இல்ல, ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்.

சொந்த வண்டியையும் கணக்குல எடுக்கணும்ல, உண்மைல பஸ்ஸுக்கு போட்டி அதுதான். எக்ஸெல்லோ ஸ்கூட்டியோ, போக வர 48 கிலோமீட்டர், லிட்டருக்கு அம்பது கிடைச்சாலும் தெனமும் ஒரு லிட்டர், நூறு ரூவாக்கு மேல. மாசத்துக்கு ரெண்டாயிரத்தி அறுநூறு, அதுக்கு மேல தவணை, டயரு, சர்வீஸ். சம்பளத்துக்கு போறவங்கள்ல பாதிப்பேரு ஊட்டுல ரெண்டு வண்டி நிக்குது இப்ப. பிரிவு வரைக்கும் வண்டில போயி அங்க நிறுத்திட்டு பஸ் ஏறலாம், நானே நாலு மாசம் பண்ணேன், டீக்கடைக்கு பின்னாடி புளியமரத்தடில. ஹெல்மெட் ரெண்டு தடவை காணாம போச்சு, பெட்ரோல் ஒரு தடவை. வண்டி ஓட்ட தெரியாத பெருசுகளுக்கும் பதினேழு வயசு புள்ளைகளுக்கும் அந்த வழி கெடையாதுன்னு வெச்சுக்கோங்க.

ஆக நான் கேக்கறது என்னன்னா, இப்ப இருக்கற நேர் பஸ் அஞ்சு டிரிப்பும் அப்படியே இருக்கட்டும், அதுல கை வெக்க வேணாம். புதுசா கேக்கற பஸ்ஸை ஷட்டிலா கேளுங்க, அரசாங்க பஸ்ஸா, சாதாரண கட்டண போர்டோட, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாததா. மலையடிவாரத்து மூணு சாளைக்கும் மினி பஸ் தனியா, அது ஷட்டிலுக்கு பதிலா வரக்கூடாது, அது முடியற எடத்துல இருந்து ஆரம்பிக்கணும். புது பஸ்ஸே இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? அப்பத்தான் கஷ்டமான பேச்சு. அப்ப நான் என்ன சொல்வேன்னா, இருக்கற ஒரு பஸ்ல காலைல முதல் டிரிப்பும் சாயங்காலம் ஒரு டிரிப்பும் மட்டும் காந்திபுரம் போகட்டும், அதுக்கு ஆறு மணி நேரம் போச்சு, மிச்சம் பத்து மணி நேரம் ஷட்டிலா ஓடட்டும், பதினஞ்சு சுத்து வரும். அஞ்சு டிரிப் இருந்த எடத்துல ரெண்டு நேர் பஸ்ஸும் பதினஞ்சு ஷட்டிலும். காகிதத்துல லாபம்தான். ஆனா "இருந்த பஸ்ஸை புடுங்கி குடுத்துட்டான்"னு என்னைய ஊர்ல நோம்பிக்கு கூட கூப்பிட மாட்டாங்க, அதுவும் தெரியும்.

இதுல நியாயமான எதிர்ப்பு ஒன்னு இருக்கு, அது எங்கம்மாவோடது. அம்மா வாரத்துல நாலு நாள் கருவேப்பிலை கட்டும் கீரையும் எடுத்துக்கிட்டு முதல் பஸ்ல சாயிபாபா காலனி மார்க்கெட்டுக்கு போறவங்க. ரெண்டு கூடை, ஒரு சாக்கு. ஊர்ல ஏத்தி விட நாங்க இருக்கோம், மார்க்கெட்டுல எறக்கி விட அங்க ஆள் இருக்கு. நான் பேப்பர்ல அம்பு போட்டு, இங்கிருந்து இங்க ஷட்டில், இங்க மாறி இங்க டவுன் பஸ், நாப்பது நிமிசத்துக்கு ஒன்னுன்னு வெளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. கடைசில, "எல்லாம் சரி சாமி, பிரிவுல அந்த கூடையை யாரு எறக்கி யாரு ஏத்தறது?"ன்னாங்க.

அதனாலதான் முதல் டிரிப்புல மட்டும் எந்த கணக்குலயும் நான் கை வெக்கல. அஞ்சரை மணி பஸ்ஸு நேராத்தான் போகணும், ஷட்டில் வந்தாலும் வராட்டியும்.